பேர் வெட்டிய பிறகு என்ன தொழில்? ஐம்பது தாண்டிய மலையகப் பெண்களுக்கான இழை

கொழுந்துக்கூடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஐம்பது வயதோடு மலையிலிருந்து இறங்கிப் பேர் வெட்டிக்கொள்ளும், அதாவது தேயிலைத் தோட்டத்தில் பெயரை நீக்கி வேலையை விடும், பெண்கள் கேட்பது ஒன்றைத்தான். சேமலாப நிதியும் சர்வீஸ் காசும் ஒரு தடவைதான் வரும். அதைக் கரைத்துவிடாமல், உடம்பு தாங்குகிற, "இது என் வேலை" என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்றை எப்படித் தொடங்குவது? பயிற்சிக்கு வருகிறவர்கள் காளான் என்பார்கள், தையல் என்பார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அளவும் கணக்கும் சொல்வதில்லை.

இடம் இலங்கையில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம். லயத்துக் காம்பரா, பின்னால் கொஞ்சம் மரக்கறித் தோட்டம், பீலித் தண்ணி. இதற்குள் நடக்கிறதாகச் சொல்லுங்கள். அவரவர் வாழ்க்கைக் கதை வேண்டாம், கணக்கு வேண்டும்.

---

செக்ரோல்

தொழிலுக்கு முன்னால் கடதாசி. இதைச் சரி பண்ணாமல் பேர் வெட்டினால், காசு வரும்வரை வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட வேண்டிவரும்.

மூன்று காசு இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி. தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியம் தோட்டம் மட்டும் கட்டும் 3 வீதம், அதற்குத் தனி விண்ணப்பம். மூன்றாவது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வரும் பணிக்கொடை, அதாவது சர்வீஸ் காசு.

சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில், வேலையை விட்ட பிறகு எடுக்கலாம். ஆண்களுக்கு 55. இதைச் சாட்டாக வைத்து "ஐம்பது ஆச்சு, பேர் வெட்டிக்கோ" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி ஆகக் குறைந்த ஓய்வு வயது 60. ஐம்பதில் போவதா நிற்பதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு.

பணிக்கொடைக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு முழுமையான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். நாட்சம்பளம் 1350 ரூபா, சர்வீஸ் 28 வருடம் என்றால் 14 × 1350 × 28 = 5,29,200 ரூபா. குறைந்தது ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகமும் சேர்த்துக் கட்ட வேண்டும். "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று இழுத்தால் வாயால் கேட்டுக்கொண்டு நிற்காமல் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

---

பீலிக்கரை

பேர் மாறிக் கிடக்கிறதைப் பற்றியும் எழுதுங்கள் அக்கா. செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவில்) ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. தோட்டத்தில் பாதிப் பேருக்கு இதுதானே.

---

செக்ரோல்

அதுதான் பெரிய அடைப்பு தங்கச்சி. வரிசை இது.

முதலில் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறப்பே பதியப்படாவிட்டால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலம் கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போக வேண்டும். இது மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே 48 வயதிலேயே தொடங்குங்கள். இரண்டாவது, சேமலாப நிதிப் பதிவில் எழுத்துப் பிழை இருந்தால், வேலையில் இருக்கும்போதே தோட்ட ஒபிஸ் மூலம் திருத்த விண்ணப்பியுங்கள். வெளியே வந்த பிறகு கிளாக்கர் கையில் பிடிபடமாட்டார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற சத்தியக்கடதாசியை சமாதான நீதவான் முன்னால் முடித்து வைத்துக்கொள்வதும் நல்லது.

இன்னொன்று: தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளின் கைக்குப் போனபோது தொழில்தருநர் இலக்கம் மாறியது. அதற்கு முன்பே பேர் பதிந்தவர்களுக்கு இரண்டு கணக்கு இருக்கலாம். புது இலக்கத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுப் பழையதை மறந்துபோனவர்கள் உண்டு. பி அட்டை (சேமலாப நிதி உறுப்பினர் அட்டை), வருடாந்தக் கணக்குக் கூற்று எது கிடைத்தாலும் எறியாதீர்கள். சேமலாப நிதிக்கு 'கே' படிவம், தொழில் அலுவலகத்தில் கிடைக்கும்.

---

சீட்டுக்காரி

காசு வந்த கிழமையே இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். ஒருவர் காசு கேட்க, ஒருவர் காசு கொடுக்க. கொடுக்க வருகிறவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"மாசம் இரண்டு வீதம்தான்" என்பார். 50,000 ரூபாவுக்கு வருடத்துக்கு 12,000 வட்டி சேர்த்து 62,000, மாதம் 5,167 வீதம் பன்னிரண்டு தவணை. கேட்க 24 வீதம் போலத்தான் இருக்கும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதலும் திரும்பிப் போகிறது, வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் ஓடுகிறது. மிச்சமிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய மூன்றரை வீதம், வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டும். முதல் அறுவடைக்கு மூன்று மாதம் பார்க்க வேண்டிய தொழிலுக்கு முதல் மாதமே தவணை தொடங்கும் கடன் ஒத்துவராது.

என் கணக்கு: வந்த மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் முதல் வருடம் தொழிலில் போடக்கூடாது. மிச்சம் நிலையான வைப்பில், தன் பெயரில். மகனின் பெயரில் அல்ல, மருமகனின் த்ரீவீலிலும் அல்ல.

---

ஊவாக்காளான்

சிப்பிக்காளான் பற்றி எழுதுகிறேன்.

பைக் கலவை: மரத்தூள் 10 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், சோயா மா அல்லது பயற்றம் மா 100 கிராம், எப்சம் உப்பு 20 கிராம். இதில் ஏறக்குறைய 20 முதல் 25 ஒரு கிலோப் பைகள் வரும். றப்பர் மரத்தூள் சிறந்தது, மாமரத்தூளும் சரி. மலையில் லேசாகக் கிடைப்பது பைனஸ் தூளும் டர்பன் (யூக்கலிப்டஸ்) தூளும். இரண்டும் வேண்டாம். பைனஸில் இருக்கும் பிசின் பூசணத்தை ஓடவிடாது. கீழ்நாட்டிலிருந்து மூட்டை இறக்கும் செலவைக் கணக்கில் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

தண்ணீர்: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. கையை விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். சொட்டினால் பையின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கும், அந்தப் பை போச்சு.

பயிற்சித் தாள்களில் இல்லாதது அவிப்பதைப் பற்றியது. பீப்பாயில் நீராவியில் எட்டு மணித்தியாலம் என்று எழுதியிருப்பது தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் ஊருக்கு. உயரம் 300 மீற்றர் கூடக்கூடக் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறையும். அட்டனில் 96 பாகை, நுவரெலியாவில் 94 பாகைதான். பீப்பாயில் அமுக்கம் இல்லாததால் எவ்வளவு விறகு போட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆகவே நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். அந்த எட்டுக்கு மேல் அட்டனில் ஒரு மணித்தியாலம், நுவரெலியாவில் இரண்டு. நேரத்தை அடுப்பு மூட்டியதிலிருந்து எண்ணாதீர்கள், மூடியோரம் நீராவி விடாமல் வரத் தொடங்கியதிலிருந்து எண்ணுங்கள். இதைச் செய்யாத பைகளில் பத்தாம் நாள் பச்சைப் பூஞ்சணம் வரும், பழி காளான் விதை விற்றவன் மேல் விழும்.

விதை போட்ட பையை இருட்டில் வைக்க வேண்டும். 25 பாகையில் மூன்று நான்கு கிழமையில் பை முழுக்க வெள்ளையாகும். மேலே குளிரில் ஐந்தாறு கிழமை ஆகலாம், பொறுங்கள். பழுதாகவில்லை, மெதுவாக ஓடுகிறது. காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் போதாது. குடையின் ஓரம் காய்ந்தால் ஈரம் போதாது, ஆனால் தண்ணீரைக் காளான் மேல் அடிக்காமல் தரைக்கும் சாக்குக்கும் அடிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. படுக்கும் காம்பராவில் காளான் வளர்க்கவே கூடாது. முற்றிய குடையிலிருந்து பறக்கும் வித்துத்தூள் நெஞ்சில் இறங்கி இருமலும் இழுப்பும் கொண்டுவரும். தனிக் கொட்டில் வேண்டும், குடை விரிந்து தட்டையாகும் முன் பறிக்க வேண்டும், உள்ளே போகும்போது முகக்கவசம் போட வேண்டும். கொட்டிலுக்கு இடமில்லாதவர்கள் இந்தத் தொழிலை விட்டுவிடலாம்.

---

நாட்டுக்கடை

அண்ணன் எழுதியது சரி, ஆனால் விற்பனைக் கணக்கு இல்லையே. ஒரு கிலோப் பையில் மொத்தமாக 300 கிராம் வந்தால் நல்ல பை. 100 பையில் 30 கிலோ. மூன்று மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 333 கிராம், அதாவது 200 கிராம் பக்கற் ஒன்றரைக்குச் சற்றுக் கூட. இதற்காக ஒருவர் மூன்று மாதம் கட்டிப்போட்டது போல வீட்டில் நிற்க வேண்டும். சரி, 400 பை வைக்கலாம் என்றால் ஒரே நாளில் வைத்த பை எல்லாம் ஒரே நாளில்தான் பூக்கும். அன்றைக்கு டவுனில் வாங்க ஆளிருக்காது, அடுத்த கிழமை கொடுக்கச் சரக்கிருக்காது. கடைக்காரன் இரண்டு கிழமை பார்ப்பான், பிறகு வேறு ஆளிடம் போய்விடுவான்.

ஆகவே கிழமைக்கு 25 பை வீதம் வையுங்கள். முதல் தடவை மரத்தூள், பீப்பாய் எதுவும் வேண்டாம், விதை போட்டு ஓடிய பையை வாங்கிப் பூக்க வைத்துப் பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் இந்த வேலை நமக்குப் பிடிக்கிறதா, விற்கிறதா என்று குறைந்த நட்டத்தில் தெரிந்துவிடும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனை நம்பித் தொழில் போடாதீர்கள், அது ஒரு மாதக் கூத்து. வருடம் முழுக்க வாங்கும் ஸ்டாப் குவார்ட்டர்ஸ், டவுன் சாப்பாட்டுக்கடை, பாடசாலை ஆசிரியர்கள், இவர்கள்தான் வாடிக்கை.

---

மரத்தக்காளி

உயரத்தைப் பற்றி ஊவாக்காளான் சொன்னது ஜாமுக்கும் அப்படியே பொருந்தும். மரத்தக்காளி, பேரிக்காய், ஸ்ட்ரோபெரி எதுவானாலும் புத்தகம் 105 பாகையில் இறக்கச் சொல்லும். நுவரெலியாவில் வெப்பமானி 105 காட்டும்வரை நின்றால் ஜாம் கருகி மிட்டாயாகிவிடும். ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நான்கைந்து பாகை, அவ்வளவுதான். மேலே அது 98, 99 பாகை.

வெப்பமானியே வேண்டாம், தராசு போதும். முடிந்த ஜாமின் எடை போட்ட சீனியின் எடையைப்போல ஒன்றரை மடங்காக வரும்போது பதம். கூழ் 1 கிலோ, சீனி 1 கிலோ என்றால் முடிவில் ஒன்றரைக் கிலோ நிற்க வேண்டும். வெறும் சட்டியை முதலிலேயே நிறுத்து எழுதிவையுங்கள். சட்டி 1.2 கிலோ என்றால் தராசு 2.7 காட்டும்போது அடுப்பிலிருந்து இறக்கலாம். எந்த உயரத்திலும் இந்தக் கணக்கு மாறாது.

மரத்தக்காளியைக் கொதிதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துவிடுங்கள், தோலில்தான் கசப்பு. விதை விரும்பாதவர்களுக்கு வடித்தெடுக்கலாம். புளிப்பு குறைந்த பழமென்றால் கடைசியில் தேசிக்காய்ச் சாறு சேருங்கள், கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி. புளிப்புப் போதாவிட்டால் இரண்டு மாதத்தில் சீனி கற்கண்டாகத் திரளும். அளவு மீறினால் ஜாம் தண்ணீர் விடும். பதத்துக்கு முன்னால் இறக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். திரும்பி வரும் போத்தல்களைப் பார்த்தாலே எந்த இடத்தில் பிழைத்தது என்று சொல்லிவிடலாம்.

போத்தல் அவிப்பதும் பத்து நிமிடம் போதாது. 300 மீற்றருக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள், நுவரெலியாவில் 16 நிமிடம். ஜாம் சூடாக இருக்கும்போதே சூடான போத்தலில் வாய்வரை ஊற்றி மூட வேண்டும். குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் வெடிக்கும், இங்கே காலைக்குளிரில் அது நிச்சயம்.

லேபலில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தொகுதி இலக்கம், செய்த திகதி, காலாவதித் திகதி, செய்தவர் பெயர் விலாசம் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பிடிக்கும்வரை இராமல் அவரை நாமே கூப்பிட்டு அடுப்படியைக் காட்டிவிடுவது நல்லது.

---

பீலிக்கரை

விலாசம் என்றதும் ஞாபகம் வருகிறது. வியாபாரப் பெயர் பதிய இடத்துக்கு உரிமை கேட்பார்களே. காம்பரா தோட்டத்துடையதாச்சே?

---

செக்ரோல்

ஆமாம். பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு இடத்துக்கான அத்தாட்சியும் கேட்பார்கள். காணி உறுதி இல்லாத லயத்துக்காரருக்கு முதல் வழி, தோட்ட நிர்வாகத்திடமிருந்து ஆட்சேபனை இல்லை என்ற கடிதம். பேர் வெட்டிய பிறகு கேட்டால் துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) அவசரமில்லை. சர்வீஸ் கடிதம் வாங்கும் அன்றே இதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் டவுனில் சொந்தக் காணி இருக்கும் உறவினரின் விலாசத்தில், எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டுப் பதியலாம்.

---

வீ.பீ. நாற்று

எல்லோரும் புதுத் தொழிலே சொல்கிறீர்கள். முப்பது வருடம் தேயிலையோடு நின்ற கைக்குத் தேயிலையே தெரியும். பதுளை, பசறை, கம்பளை, இறம்பொடைப் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் மறுநடுகைக்கு நாற்றுத் தேடுகிறார்கள். தேயிலைத் துண்டு வெட்டி நட்டு நாற்றாக்கி விற்கலாம். இதற்குக் கூடை சுமக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து செய்யும் வேலை.

தாய்ச்செடி கவ்வாத்து வெட்டி நான்கு முதல் ஆறு மாதமான வாதில் (கிளையில்) எடுக்க வேண்டும். நுனிப் பச்சையும் வேண்டாம், அடிச் சிவப்பும் வேண்டாம், நடுத்துண்டு மட்டும். ஒரு இலை, ஒரு கணு, கீழே ஒன்று ஒன்றேகால் அங்குலத் தண்டு. வெட்டு இலையின் சரிவோடு சாய்வாக, கூரான கத்தியால் ஒரே இழுவையில். நசுங்கினால் அழுகும். விடிகாலையில் வெட்டி உடனே தண்ணீர் வாளியில் போட்டு, அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.

மண்தான் உயிர். பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில். சுண்ணாம்பு போட்ட மரக்கறித் தோட்டத்து மண்ணை நிரப்பினால் தண்டின் அடி வீங்கித் தடிக்கும், வேர் வராது. இலை பச்சையாகவே இருப்பதால் மூன்று மாதம் ஏமாந்துகொண்டிருப்போம். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த பகை வேரில் முடிச்சுப்போடும் நூற்புழு. பழைய தேயிலை மலையின் மண்ணை எடுக்காதீர்கள்.

நட்டபின் இலை மண்ணில் படக்கூடாது. பொலித்தீனால் மூடி மேலே நிழல் போடுங்கள், வேர் ஓடிய பிறகு ஒரேயடியாகத் திறக்காமல் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல. உயரமான இடத்தில் நாற்று தயாராக ஒரு வருடம் பிடிக்கும், கூடவும் ஆகலாம். அதுவரை வருமானம் இல்லை, அதனால் கூடவே மரக்கறி நாற்றும் போடுங்கள்.

விற்க வேண்டுமானால் சிறு தேயிலைத்தோட்ட அபிவிருத்தி அதிகாரசபையில் நாற்றுமேடையைப் பதிய வேண்டும். எந்த இனம் என்பதைத் தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆலோசனைப்படி தெரிவு செய்யுங்கள். தோட்டத்துத் தாய்ச்செடியில் சொல்லாமல் வெட்டினால் அது களவு, பொலிஸ்வரை போகும்.

---

பிள்ளைக்காம்பரா

வியாபாரம் எல்லோருக்கும் ஒத்துவராது. விற்கத் தெரியாதவர்கள், விற்க விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். இருக்கிற திறமைக்குச் சான்றிதழ் வாங்குவதும் ஒரு வழி.

தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டம். நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி மதிப்பிடுவிக்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. தையல், சமையல், பிள்ளை பராமரிப்பு எல்லாவற்றுக்கும் கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தைத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். வேலை செய்த கடிதங்கள், செய்தவற்றின் படங்கள், வாடிக்கையாளர் பற்றுச்சீட்டு எல்லாம் ஒரே கோவையில் இருக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். கை வேலை பழகியவர்கள் தடுக்கி விழுவது பாதுகாப்பு, அளவெடுப்பு, குறிப்பெழுதல் பற்றிய கேள்விகளில். தைக்கத் தெரியும், ஆனால் வெட்டும் முன் அளவை எழுதும் பழக்கம் இல்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு ஓடரையும் கொப்பியில் எழுதிப் பழகிவிட்டுப் போங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் தோற்றலாம். ஒரேயடியாக எல்லாப் பாடத்தையும் தூக்காமல் முதல் வருடம் தமிழும் சமயமும் வரலாறும், கணிதம் அடுத்த வருடம் என்று பிரிப்பது நல்லது.

---

கொழுந்துக்கூடை

பிள்ளைக்காம்பரா அக்கா எழுதியதை ஒரு தாளில் எடுத்துக்கொண்டேன். தையலுக்கு உட்காரும்போது முதுகும் தோளும் விடாதே, அதற்கு?

---

பிள்ளைக்காம்பரா

மெசினுக்கு முன்னால் முழங்கால் இடுப்பைவிட உயராதபடி கதிரை உயரம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி நடக்க வேண்டும். கால் மிதியை விட மோட்டர் நல்லது, முழங்கால் ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கு. எந்தத் தொழிலுக்கு முன்னாலும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பெண்களுக்காக நடக்கும் சுவநாரி கிளினிக்குக்கு ஒரு தடவை போய்வாருங்கள். இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள்.

---

கொழுந்துக்கூடை

நன்றி. ஊவாக்காளான் அண்ணனுக்கு ஒரு கேள்வி. பீப்பாயின் மூடியை இறுக்கிக் கட்டினால் அமுக்கம் ஏறி, சூடும் கூடுமே? அப்போது இரண்டு மணித்தியால விறகு மிச்சம்தானே?

---

ஊவாக்காளான்

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. எண்ணெய்ப் பீப்பாய் அமுக்கம் தாங்கச் செய்ததல்ல, அடி பிரிந்தால் கொதிநீர் முகத்தில்தான் வரும். மூடிக்கு மேல் ஈரச்சாக்கை இரண்டு மடிப்பாகப் போட்டு, ஒரு பக்கம் நீராவி போக வழிவிடுங்கள். அடியில் தண்ணீர் தட்டுக்குக் கீழே நிற்கட்டும், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்த்துக் கொதிதண்ணீரையே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு விழும், நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டிவரும். விறகை மிச்சப்படுத்த வேண்டுமானால் பீப்பாயைச் சுற்றிக் களிமண் சுவர் வையுங்கள், மலைக்காற்றில் பாதிச் சூடு பக்கவாட்டில்தான் போகிறது.